டீயும் பொறையும் தின்றுவிட்டுப் பரீட்சைக்குப் போகிறார்கள்

பொதுத்தேர்வு நெருங்கிவிட்டால் போதும், மூளைக்கு வலுவூட்டும் உணவுகள் என்று பத்திரிகைகளில் ஒரு பட்டியல் வந்துவிடும். பாதாம், வால்நட், சால்மன் மீன். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அதைப் படித்தால் வயிறு எரிகிறது. சால்மனில் இருக்கிற ஒமேகா-3 கொழுப்பு நம் மத்தி மீனில் இல்லையா? கானாங்கெளுத்தியில் இல்லையா? முள்ளோடு மென்று தின்கிற நெத்திலியில் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தே கிடைக்கிறது. அத்தனையும் எங்கள் கரையில் வந்து இறங்குகிறது. இறங்கிய சூட்டிலேயே ஐஸ் பெட்டிக்குள் போய்விடுகிறது.

ராத்திரி வெகுநேரம் கண்விழித்துக் கணக்குப் போட்ட பிள்ளை காலையில் பஸ்ஸுக்கு ஓடுகிறது. "என்னம்மா சாப்பிட்டே?" என்றால், "டீயும் பொறையும் டீச்சர்" என்கிறது. வருஷா வருஷம் இதே பதில். பரீட்சை பத்து மணிக்கு. பத்து நிமிஷம் கேள்வித்தாள் படிக்க, ஐந்து நிமிஷம் விவரம் சரிபார்க்க, அதன்பின் மூன்று மணி நேரம் எழுத்து. முடியும்போது மணி ஒன்றேகால். உடம்பின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே இருக்கிற மூளை, உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. ஒரு பொறை அதற்கு எத்தனை நேரம் தாங்கும்?

தாய்மாரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "வெடியறதுக்குள்ள ஏலத்துக்குப் போவணும் டீச்சர். நான் வூட்ல குந்திக்கினு இட்லி ஊத்துனா யாரு மீன் எடுக்கிறது?" என்று ஒரு தாய் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. மீன் எடுத்து, கூடையோடு பொன்னேரிப் பக்கம் போய் விற்றுத் திரும்பினால்தான் அன்றைய அரிசி. இருளர் பெண்கள் நிலைமை இதைவிடக் கடினம். ஏரியில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிக்கிறவர்கள் அவர்கள். தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்துத்தான் இறங்க முடியும்; பிள்ளையின் பரீட்சை நேரம் பார்த்து இல்லை. கோடையில் முகத்துவாரம் தூர்ந்துபோகிற ஆண்டுகளில் ஏரிப்பாடும் குறைந்துவிடும். பரீட்சையும் கையில் காசில்லாத காலமும் ஒன்றாக வந்து நிற்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. இருக்கிற நல்ல சாப்பாட்டையும் பரீட்சை என்று சொல்லி நிறுத்துகிறார்களே! "மீன் தின்னா மந்தம், பழையது தின்னா தூக்கம் வரும்." யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. முந்தின நாள் மீன்குழம்பைச் சுடவைத்து, பழைய சோற்றைக் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு அளவாகக் குடித்துவிட்டுப் போனால் மத்தியானம் வரைக்கும் பசி தெரியாது. வெயிலில் பஸ் ஏறிப் போகிற பிள்ளைக்கு வயிற்றில் நீரும் நிற்கும். நிலத்தடி நீர் உப்பாகிப்போன ஊரில் இது சின்ன விஷயமா? அதை விட்டுவிட்டு, தெம்புக்கு என்று பாக்கெட் நூடுல்ஸும் கலர் ஜூஸும் வாங்கிக் கொடுக்கிறார்கள். அந்தக் காசுக்கு இரண்டு முட்டையும் ஒரு கை வேர்க்கடலையும் வரும் தாயே என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

பெண்பிள்ளைகளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுக்குள் இருக்கிற பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. பள்ளியில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை "வயித்தைப் பொரட்டுது" என்று ஜன்னல் வழியே எறிகிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் புரட்டாமல் என்ன செய்யும்? சோறு தின்ற கையோடு டீயும் குடித்துவிட்டால் சாப்பாட்டில் இருக்கிற இரும்பையும் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கோ அந்த டீயே சாப்பாடு.

அரசு என்ன செய்கிறது என்றும் கேட்க வேண்டும். 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்புக்கு என்று வந்தது. நல்ல திட்டங்கள், நான் மனசார வாழ்த்துகிறேன். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு எழுதுகிற பிள்ளைக்கு இரண்டுமே இல்லை. பதினேழு வயதில் பசி நின்றுவிடுமா? பேறுகாலம் வரப்போகிற உடம்பு அது. வளர்ந்துகொண்டிருக்கிற உடம்பு அது.

தம்பி உப்புமா தின்று வகுப்புக்குப் போகிறான், அக்கா டீ குடித்துப் பொதுத்தேர்வுக்குப் போகிறாள். ஒரே வீடு. ஆண்டு முழுக்க முடியாவிட்டால் தேர்வு நடக்கிற அந்தச் சில வாரங்களுக்காவது, தொடக்கப்பள்ளியில் ஏற்கெனவே எரிகிற அடுப்பில் இன்னும் நாலு படி அரிசி போட்டு, எட்டு மணிக்குள் பொங்கலும் ஒரு முட்டையும் கொடுக்கலாம். ஏலம் எடுக்கிறவர்களும் ஊர்ப் பெரியவர்களும் மனசு வைத்தால், பெட்டி ஏறுமுன் ஒரு கூடை மத்தி பரீட்சை எழுதுகிற வீடுகளுக்கென்று ஒதுக்கலாம். வலைக்குக் காசு, டீசலுக்குக் காசு, கடனுக்கு வட்டி என்று எல்லாவற்றுக்கும் பங்கு பிரிக்கிறோம். பிள்ளைகள் பங்கையும் பிரித்துவிட்டுப் பெட்டியை மூடுங்கள் ஐயா.