ஆகஸ்டில் மட்டும் நிறையும் ஊர்கள்

ஸ்பெயினில் 8,100-க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 5,000 ஊர்களில் ஆயிரம் பேர்கூடக் கிடையாது. அத்தனை ஊர்களையும் கூட்டினாலும் நாட்டின் மக்கள்தொகையில் மூன்று சதவீதம்தான் தேறும். சோரியா, தெருவெல் மாகாணங்களில் ஒரு சதுர கிலோமீட்டருக்குப் பத்துப் பேர் இல்லை. இப்படி ஆள் குறைந்துபோன நாட்டுப்புறத்தில் ஊர்த்திருவிழாக்களும் அடங்கிப்போயிருக்க வேண்டும். ஆனால், தாத்தா காலத்தைவிடப் பெரிதாக விழா எடுக்கும் ஊர்கள் அங்கே ஏராளம்.

அந்த விழாக்களை நடத்துவது ஊரில் இருப்பவர்கள் மட்டுமல்ல, ஊரைவிட்டுப் போனவர்களும்தான். 1950-களிலிருந்து 1970-கள்வரை லட்சக்கணக்கானோர் நிலத்தைவிட்டு மாட்ரிட், பார்சலோனா, பில்பாவோ என்று தொழில் நகரங்களுக்கும், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரான்ஸுக்கும் பிழைக்கப் போனார்கள். அவர்களுக்கு விடுமுறை கிடைத்த மாதம் ஆகஸ்ட். பழைய திருவிழா நாட்களோ வயல்வேலையை ஒட்டி அமைந்தவை. அறுவடை முடிந்த செப்டம்பரில் கொஞ்சம். வேலை ஓய்ந்த குளிர்காலத்தில் ஜனவரி 17 வனத்து அந்தோணியார், 20 செபஸ்தியார் என்று கொஞ்சம். ஜனவரிப் பனியில் பார்சலோனாவிலிருந்து யார் வருவார்கள்? பல ஊர்கள் விழாவையே ஆகஸ்டுக்கு நகர்த்திக்கொண்டன. புனிதரின் உண்மையான நாளில், இருக்கிற சொற்பப் பேரோடு ஒரு பூசை. பவனியும் விருந்தும் ஆட்டமும் கோடையில். ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்பு, 16 கொள்ளைநோயிலிருந்து காப்பவராகக் கும்பிடப்படும் புனித ரோக் என்று அந்த மாதத்தின் நடுப்பகுதி ஏற்கெனவே களைகட்டியிருந்ததும் வசதியாகப் போயிற்று.

விழா நடக்கும் விதத்திலும் ஊரைவிட்டுப் போனவர்களின் கை தெரிகிறது. ஊராட்சி மன்ற மாடத்திலிருந்து தொடக்க உரை ஆற்றும் கௌரவம், வெளியூர் போய்ப் பெயரெடுத்த ஊர்ப்பிள்ளைக்குத்தான் பல இடங்களில் கிடைக்கிறது. ‘பேன்யா’ என்ற நண்பர் குழுக்கள் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு, யாருடைய பழைய கொட்டகையிலாவது கூடிக் குடித்துச் சமைத்துச் சாப்பிடுகின்றன. இரவில் சதுக்கத்தில் விடியவிடிய இசைக்குழு. கட்டாய ராணுவ சேவைக்குப் புறப்படும் இளைஞர்களை வழியனுப்பிய ‘கிந்தோஸ்’ கொண்டாட்டம், அந்தச் சேவை 2001-ல் முடிவுக்கு வந்த பிறகும் பல ஊர்களில் நிற்கவில்லை. இப்போது அந்த வயதுப் பெண்களும் அதில் சேர்ந்துகொள்கிறார்கள்.

பத்திரிகைப் படங்களில் வருவது இதுவல்ல. சான் பார்தொலோமே தே பினாரெஸில் நெருப்பைத் தாண்டும் குதிரைகள், காஸ்த்ரீயோ தே முர்சியாவில் மெத்தையில் கிடத்திய கைக்குழந்தைகளைத் தாண்டிக் குதிக்கும் வேடதாரி, கலீசியாவின் ரிபர்த்தேமெயில் உயிருள்ளவர்களைச் சவப்பெட்டியில் சுமக்கும் பவனி: உலகம் பார்க்கும் ஸ்பெயின் கிராமம் இவ்வளவுதான். விசித்திரத்துக்குக் கேமரா அலைவதில் வியப்பில்லை. பெரும்பாலான ஊர்களில் படம் பிடிக்கும்படி எதுவும் நடப்பதில்லை. பூசை, பவனி, பந்தி, பாட்டு, அவ்வளவே.

விசித்திரமான விழாவிலும் உள்ளே நடப்பது வேறு. சோரியா மாகாணத்தின் சான் பெத்ரோ மன்ரீகே சில நூறு பேர் வசிக்கும் ஊர். ஜூன் 23 இரவு, அருளப்பர் திருநாளுக்கு முன்னிரவில், கருவாலிக் கட்டைகளை எரித்துப் பரப்பிய தணலில் ஊர்க்காரர்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். பலர் முதுகில் ஒருவரைச் சுமந்தபடி. பார்க்க வருகிறவர்கள் ஊரின் மக்கள்தொகையைப் போல் பல மடங்கு. ஆய்வாளர்கள் அங்கே நடப்பவர்களின் இதயத்துடிப்பையும் பார்ப்பவர்களின் இதயத்துடிப்பையும் ஒரே நேரத்தில் பதிவுசெய்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். தணலில் நடந்தவரின் துடிப்போடு, ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்த உறவினர், நண்பர்களின் துடிப்பும் சேர்ந்தே ஏறி இறங்கியது. அயலாரிடம் அப்படி எதுவும் இல்லை. நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு வரும் சுற்றுலாப் பயணிக்காகவே இந்த விழாக்கள் உயிரோடிருக்கின்றன என்ற வாதத்தை நான் ஏற்காததற்கு இது ஒரு காரணம். பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்கார்வது என்பதுதான் விழாவின் சாரம். அதைக் காசுக்கு விற்க முடியாது.

அப்படியானால் இது அந்த ஊர்க்காரர்களின் பாடு, வெளியார் வாயை மூடிக்கொள்ளட்டும் என்பவர்கள் உண்டு. ‘மரபு’ என்று சொல்லிவிட்டால் அதோடு பேச்சு நின்றுவிடுகிறது. தோர்தெசீயாஸில் காளையைத் துரத்தி ஈட்டியால் குத்திக் கொல்லும் விழாவை அப்படித்தான் பாதுகாத்தார்கள். பொது இடத்தில் காளையைக் கொல்வதை 2016-ல் காஸ்தீல்யா-லியோன் மாநில அரசு தடைசெய்தது. பெண்கள் விஷயத்திலும் இதே கதைதான். பாஸ்க் பகுதியின் ஒண்டரிபியா கிராமம் அல்ல, சிறு நகரம். 1638-ல் பிரெஞ்சு முற்றுகையிலிருந்து மீண்டதை நினைத்து ஒவ்வொரு செப்டம்பர் 8-லும் அங்கே அணிவகுப்பு நடக்கும். ஆண்கள் படைவீரர்களாக நடக்க, ஓர் அணிக்கு ஒரு பெண், அதுவும் பானம் பரிமாறுபவளாக. 1990-களில் பெண்களும் வீரர்களாக நடக்க முன்வந்த பிறகு எதிர்ப்பாளர்கள் முதுகைக் காட்டினார்கள், விசிலடித்தார்கள், கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்புகளைத் தூக்கிப் பிடித்து மறைத்தார்கள்.

முதலாளி விடுமுறை தரும் மாதத்துக்காகப் புனிதரின் நாளையே மாற்றிக்கொண்ட நாட்டில், காளையையும் பெண்ணையும் பற்றிப் பேசும்போது மட்டும் மரபு கல்லாகிவிடுவது எனக்கு விளங்கவில்லை. இன்னொன்றும் உண்டு. 1937-ல், பின்னாளில் சர்வாதிகாரியாக ஆண்ட பிராங்கோவின் தரப்பு கார்னிவலைத் தடைசெய்தது. காந்தாப்ரியாவின் சிலியோவில் ஜனவரி முதல் ஞாயிறு நடக்கும் வேடத் திருவிழா 1980-களில்தான் மீட்டெடுக்கப்பட்டது. அதாவது, பழமை என்று காட்டப்படுவதில் ஒரு பகுதி, பிராங்கோ மறைந்து மக்களாட்சி வந்தபின் எழுந்தது. அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது. மாற்ற முடியாதது என்ற பேச்சுதான் எடுபடாது.

விழா பெரிதானதைக் கண்டு ஊர் பிழைத்துக்கொண்டது என்று நினைத்தால் அது கண்மயக்கு. ஆகஸ்டில் நிரம்பி வழியும் சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே பூட்டிய பள்ளிக்கூடம் நிற்கும். ஆனால் விழாவே இல்லாவிட்டால் தாத்தா வீட்டின் ஓட்டை மாற்றப் பேரன் பணம் செலவழித்திருக்க மாட்டான் என்பதும் மெய். ஊரின் மீது வைத்திருக்கும் உரிமையை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளும் சடங்கு அது. அந்தப் பிடிப்பு அரசியலிலும் பேசியது. ‘தெருவெல் இருக்கிறது’ என்ற பெயருள்ள குடிமக்கள் இயக்கம் 2019 நவம்பர் தேர்தலில் ஓர் உறுப்பினரை நாடாளுமன்றக் கீழவைக்கு அனுப்பியது. 2020 ஜனவரியில் இரண்டே வாக்கு வித்தியாசத்தில் பெத்ரோ சாஞ்செஸ் மீண்டும் பிரதமராகத் தேர்வானபோது ஆதரவு வாக்குகளில் அந்த உறுப்பினருடையதும் ஒன்று.

பணக் கணக்கு வேறு மாதிரி. பெருநகரங்களும் மாகாணத் தலைநகரங்களும் நீங்கலான உள்ளாட்சிகளுக்கு மத்திய அரசு தரும் வரிப்பங்கில் முக்கால் பகுதி பதிவான மக்கள்தொகைப்படி பிரிகிறது. 5,000 பேர் வரையுள்ள ஊரில் ஒருவர் 1 என்று எண்ணப்படுகிறார். 50,000-ஐத் தாண்டிய ஊரில் அதே ஆள் 1.4. ஆகஸ்டில் சுரூபத்தைத் தோளில் சுமந்தவர் திரும்பிப் போகும்போது அந்தக் கணக்கும் அவரோடு போய்விடுகிறது. பதிவை ஊருக்கே மாற்றிக்கொள்ளுங்கள் என்று வந்தவர்களைக் கேட்டுக்கொள்ளும் ஊர்கள் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் பதிய வேண்டும் என்பது சட்டம். விருந்தாளியைப் பொய் சொல்லத் தூண்டுவதைவிட, பள்ளியையும் மருத்துவரையும் தொலைவு பார்த்து, பரப்பு பார்த்து, சிதறிக் கிடக்கும் சிற்றூருக்குக் கூடுதல் எடை கொடுத்துப் பங்கிடுவதே நேர்வழி. திருத்த வேண்டியது அந்த 1.4-ஐ.