ஜீப்பும் மடிக்கணினியும்



சென்ற டிசம்பரில், சித்தேரி மலைப் பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்ப, நிறுத்திய ஜீப்பில் அமர்ந்தே மடிக்கணினியை இயக்கினேன். பாட்டரியின் 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக்கும் இன்வெர்ட்டர், சிகரெட் லைட்டர் துளையில் இருந்தது. (புகைக்காத குருவுக்கும் அத்துளை உதவுகிறது!) 65 வாட் கணினி, இழப்பும் சேர்ந்து, ஏறத்தாழ 6 ஆம்பியர் இழுக்கும். மூன்று மணி நேரத்தில் பழைய பாட்டரி சோர்ந்துவிட்டது.

அவ்வேளையில், நோயிற்பூசுதல் வேண்டி அரூரிலிருந்து அழைப்பு வந்தது. வண்டி கிளம்பவில்லை. இளைஞர்கள் சரிவில் தள்ளிவிட, எஞ்சின் உயிர்பெற்றது. இறையருளால் அப்பெரியவர் நினைவோடிருந்தார்.

இப்போது எஞ்சின் ஓடுகையில் மட்டுமே மின்னூட்டுகிறேன். இன்வெர்ட்டரையும் விட்டுவிட்டேன்; 12 வோல்ட்டை நேரடியாக 19 வோல்ட்டாக்கும் கார் சார்ஜரில் இழப்புக் குறைவு. விண்ணப்பங்களை மறுநாள் அனுப்பினோம்.