சுதி சேராதவங்க பாடக்கூடாதா?

டிஸ்கி: எனக்கு சங்கீதம் தெரியாது. சரிகமபதநிக்கு மேல ஒரு ஸ்வரம் கேட்டா முழிப்பேன். பி.காம் படிக்கிற பையன், வரவு செலவு தெரியும், அவ்வளவுதான். அந்தத் தைரியத்துலதான் இந்தப் பதிவு. வித்வான்கள் மன்னிக்கவும் :)

போன மார்கழி முடிஞ்சதும் எங்க தெருக் கோயில் கமிட்டியில ஒரு பெரியவர் சொன்னது இது: "தம்பி, அடுத்த வருசத்துலேருந்து பஜனை கோஷ்டி வேணாம்யா. ஆம்ப்ளிபயர் இருக்கு, பென் டிரைவ் இருக்கு. பெரிய பெரிய ஆளுக பாடுனதெல்லாம் அதுல கெடக்கு. நீங்க பத்துப் பேரு சுதி சேராம கத்துறதுக்கு அது எவ்வளவோ மேலு."

பத்துப் பேர்னு அவர் சொன்னது கூட மரியாதைக்குத்தான். மழைக்காலத்துல ஆறு பேர். ரிட்டயர்டு வாத்தியார் தாத்தா ஆர்மோனியம். டெய்லர் மாமா ஜால்ரா. ஏலக்காய்க் கடையில மூட்டை தூக்குற அண்ணன் ஒருத்தர், அவர் குரலுக்கு மைக் வச்சா மைக்குதான் கெட்டுப்போகும். டீக்கடை சித்தப்பா, பாதிப் பாட்டுல பால் பொங்கிடும்னு ஓடிருவார். அப்புறம் நானும் என் கிளாஸ்மேட்ஸ் ரெண்டு பேரும். காலைல நாலே முக்காலுக்குக் கோயில் வாசல்ல கூடி, மலைக்காத்துல பல்லு கிட்டித்துப் போய், நாலு தெரு சுத்தி வந்து பொங்கல் வாங்கித் தின்னுட்டுக் காலேஜுக்குப் போவோம். முதல்ல நான் போனது பொங்கலுக்குத்தான், ஒத்துக்கிறேன்.

இப்ப கமிட்டி சொன்னதுக்கு வருவோம். மூணு பதில் வச்சிருக்கேன். மூணாவது எங்க கோஷ்டிக்கே பிடிக்காது.

முதல் பதில் சட்டம். ஒலி மாசு விதிகள் வந்தது 2000ல. ராத்திரி 10 மணிலேருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில ஒலிபெருக்கி வைக்கக்கூடாதுன்னு அதுல இருக்கு. 2005ல சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொல்லிருச்சு. திருவிழாவுக்கு மாநில அரசு விலக்கு தரலாம், ஆனா அது வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல கிடையாது, அதுவும் ராத்திரி 12 மணி வரைதான். அப்ப காலைல நாலரைக்குக் குழாய் ஸ்பீக்கர்ல அலற விடுறது எந்தக் கணக்குல வருது? குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி வரம்பு 45 டெசிபல். எங்க தெருக் குழாய் ஸ்பீக்கருக்கு டெசிபல்னா என்னன்னே தெரியாது. பரிட்சைக்குப் படிக்கிறவன், நைட் ஷிப்ட் முடிச்சு வந்தவன், பச்சைப்பிள்ளைக்காரி எல்லாருக்கும் ஒரே அடி. கோஷ்டி பாடுனா ரெண்டு நிமிஷத்துல உங்க வீட்டைத் தாண்டிப் போயிரும். ஸ்பீக்கர் தாண்டிப் போகாது. கோயிலுக்கு வர்றவன்தான் அதைத் தாண்டிப் போகணும்.

ரெண்டாவது பதில் கொஞ்சம் நீளம். "நல்லாப் பாடுறவன் பாடட்டும், நாம கேப்போம்" அப்படிங்கிற வாதம். என் கூடப் படிக்கிற மாப்ளை ஒருத்தன் இதை எகனாமிக்ஸ் பாஷையிலயே சொன்னான். "உழைப்புப் பகிர்வுடா. ஊசி செய்யறவன் ஊசி செய்யட்டும், பாடுறவன் பாடட்டும். உனக்கு வராத வேலைய நீ ஏன் செய்யுற?" ஆடம் ஸ்மித் கேட்டிருந்தா இவனுக்குக் கை குடுத்திருப்பார். ஆனா ஊசின்னா கடைசியில கையில ஒரு ஊசி இருக்கணும். பஜனையில கடைசியில கையில என்ன இருக்கு? பாடுன நேரம்தான் அங்க சரக்கு. எனக்குப் பதிலா இன்னொருத்தன் நல்லா நீச்சல் அடிப்பான்னு நான் கிணத்து மேட்டுல உக்காந்திருக்க முடியுமா? எனக்கு எப்படி நனையும்?

அமெரிக்காவுல ஒரு கூத்து நடந்திருக்கு. 1938ல ஓக்லஹோமா மாநிலம் டல்சா ஊர்க்காரர் ரெண்டு பேர், வேற ஊர் ஹோட்டல் ஒண்ணுல தற்செயலா சந்திக்கிறாங்க. ஓவன் கேஷ், ரூபர்ட் ஹால். முதலாமவர் வரி வக்கீல், அடுத்தவர் முதலீட்டுத் தொழில். நம்ம காமர்ஸ் குரூப் ஆளுங்க :) நாலு பேர் சேந்து பக்கவாத்தியமே இல்லாம பாடுற பழைய பாணி அழிஞ்சு போச்சேன்னு பேசிக்கிட்டு, ஊருக்குத் திரும்பி நண்பர்களுக்குக் கடிதாசி போட்டாங்க. ஏப்ரல் 11ம் தேதி ஒரு கிளப் மொட்டை மாடியில 26 பேர் வந்தாங்க. இன்னைக்கு அது பெரிய சங்கம். பார்பர்ஷாப் பாட்டுன்னு பேரு, அதாவது முடிவெட்டுற கடைப் பாட்டு. நாலு குரல்: ஒருத்தர் மெட்டைப் பாடுவார், ஒருத்தர் அதுக்கு மேல, ஒருத்தர் அடி ஆழத்துல, இன்னொருத்தர் நடுவுல விட்டுப்போன ஸ்வரத்தை நிரப்புவார். நாலும் துல்லியமாச் சேந்தா யாருமே பாடாத அஞ்சாவது குரல் ஒண்ணு காதுல கேக்கும். ஸ்வரங்களோட மேற்சுரங்கள் ஒண்ணையொண்ணு தூக்கி விடுறதால வர்றது அது. இன்னைக்கு அந்தச் சங்கத்து கோரஸ்கள்ல வாராவாரம் வந்து நிக்கிறவங்கள்ல கணக்கர், டிரைவர், வாத்தியார்னு சாதா ஜனம்தான் அதிகம்.

எங்க கோஷ்டியில அஞ்சாவது குரல் எல்லாம் கேக்காது. வாத்தியார் தாத்தா ஒரு அடி பாடுவார், நாங்க திருப்பிப் பாடுவோம், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கேன். தனியாப் பாடுனா நான் கேவலம். மூட்டை அண்ணன் இன்னும் கேவலம். ஏழு பேர் சேந்து பாடும்போது ஒருத்தன் கொஞ்சம் மேல, ஒருத்தன் கொஞ்சம் கீழ, காது அதுல நடுவை எடுத்துக்குது. சராசரின்னா என்னன்னு ஸ்டாடிஸ்டிக்ஸ் பாடத்துல புரிஞ்சதை விட பஜனையில நல்லாப் புரிஞ்சுது.

டிசம்பர்ல எங்க ஊர்ல இன்னொரு கோஷ்டியும் நடுங்கிக்கிட்டே சுத்தும். சர்ச்சுப் பசங்க கேரல் ரவுண்ட்ஸ். அவங்க நவம்பர்லயே பிராக்டிஸ் ஆரம்பிச்சு சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ்னு பிரிச்சுப் படிப்பாங்க. நாங்க ஆரம்பிக்கிற நேரத்துல அவங்க சில நாள் முடிச்சுட்டுப் போவாங்க. டீக்கடை சித்தப்பா ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே பாய்லர்லதான் டீ போடுவார். அவங்கள்ள பேஸ் பாடுற ஒருத்தன்தான் எங்களுக்கு, "வாயை மூடிக்கிட்டுப் பக்கத்துல உள்ளவர் குரலைக் கேளுங்கண்ணே, அப்புறம் வாயைத் திறங்க"ன்னு சொல்லிக் குடுத்தான். அதுக்கப்புறம் நாங்க கத்துறது பாதியாக் குறைஞ்சுது. இந்த ஆம்ப்ளிபயர் எப்ப பக்கத்துல உள்ளவன் குரலைக் கேட்டுச்சு?

அதோட இது எந்த ஊர்? இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் எங்க தேனி மாவட்டத்துலதான். கேட்டவன்கிட்ட எல்லாம் மார் தட்டுவோம். அவரு 1976ல அன்னக்கிளியில வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே அவங்க அண்ணன் பாவலர் வரதராஜன் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கிட்டு இந்த மலையெல்லாம் ஏறிப் பாடினவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தல்ல கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தோட்டத் தமிழ் ஜனங்க மத்தியில பாடினார். ரோசம்மா ஜெயிச்சாங்க. கட்சி உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமப் போகலாம். பாட்டு ஜனங்க இருக்கிற இடத்தைத் தேடி மலை ஏறிப் போச்சு, அதைத்தான் சொல்ல வர்றேன். அந்த மலையோட அடிவாரத்துல உக்காந்துக்கிட்டு நாம பென் டிரைவ் சொருகுறோம்.

சரி, மூணாவது. இதுதான் எங்க ஆளுங்களுக்குச் சுடும்.

கமிட்டிக்காரரைத் திட்டுறது சுலபம். எங்க கோஷ்டி எந்தெந்தத் தெருவுல போகுதுன்னு ஒரு பேப்பர்ல கோடு போட்டுப் பாத்தேன். நாலு தெரு. அதே நாலு தெரு, எங்க தாத்தா காலத்துலேருந்து. அஞ்சாவது தெரு பக்கத்துலதான், போகவே மாட்டோம். ஏன்னு வாத்தியார் தாத்தாவைக் கேட்டேன். "அது வழக்கம் இல்லப்பா"ன்னார். வழக்கம்னா என்னன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இதைப் படிக்கிற உங்களுக்கும் தெரியும்.

இன்னொண்ணு. நாங்க பாடுறது திருப்பாவை. பாடினது ஆண்டாள். முப்பதுல ஆறாவது பாட்டுலேருந்து பதினைஞ்சாவது வரை, ஒரு பொண்ணு வீட்டு வாசல் வாசலா நின்னு தோழிகளை எழுப்புறா. அதைப் பாடிக்கிட்டு தெருவுல போறது யாரு? ஏழு ஆம்பளைங்க! வீட்டுப் பொம்பளைங்க நாலு மணிக்கே எந்திரிச்சு, வாசல் தெளிச்சு, கோலம் போட்டு, பரங்கிப்பூ வச்சு, எங்களுக்கு வழி விட்டு நிக்கிறாங்க. முழிச்சிருக்கிறவங்களைத் தூங்கி எந்திரிச்சவன் போய் எழுப்புறான். இதை ஒருநாள் டெய்லர் மாமாகிட்டச் சொன்னேன். ரெண்டு நாள் என்கூடப் பேசலை.

அமெரிக்கக் கதையை நான் பாதியோட நிறுத்தினதுக்குக் காரணமும் இதான். அந்த நாலு குரல் பாணி கறுப்பின மக்களோட முடிவெட்டுற கடைகள்லயும் தெருமுனையிலயும் வளந்தது. லூயி ஆம்ஸ்ட்ராங் சின்னப் பையனா இருந்தப்ப நியூ ஆர்லியன்ஸ் தெருவுல நாலு பேராச் சேந்து பாடினவர். அதைக் காப்பாத்துறோம்னு கிளம்பின சங்கம் கறுப்பினத்தாரைச் சேக்கலை. 1941ல நியூயார்க்ல ஜெயிச்ச கறுப்பினக் குழு ஒண்ணைத் தேசியப் போட்டிக்கு வராதேன்னுட்டாங்க. விதியை மாத்துறதுக்கு 1963 ஆச்சு. பெண்களை உறுப்பினராச் சேக்க 2018 ஆச்சு. 80 வருஷம்! நம்ம ஊர்லயும் முடிவெட்டுற மருத்துவர் வீட்டுக்காரங்கள்ல நாதஸ்வரமும் தவிலும் வாசிச்சவங்க நிறைய. கல்யாணத்துல அவங்க வாசிக்காம தாலி ஏறாது. ஆனா பந்தியில எங்க உக்கார வச்சாங்கன்னு பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. எவன் கண்டுபிடிச்ச பாட்டோ அவனையே வெளிய நிறுத்துறதுல அமெரிக்காவும் போடியும் அண்ணன் தம்பி.

போன மார்கழி கடைசி வாரத்துல ஒருநாள் வாத்தியார் தாத்தாவுக்கு இருமல், வரலை. அன்னைக்கு வழி காட்ட ஆள் இல்லைங்கிற சாக்குல நானும் மூட்டை அண்ணனும் கோஷ்டியை ஜீப் ஸ்டாண்டு பக்கம் திருப்பிட்டோம். அஞ்சரை இருக்கும். ஏலத் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போற பொம்பளைங்க தூக்குவாளியும் தலைத்துண்டுமா ஜீப்புக்குக் காத்து நின்னாங்க. போடிமெட்டு ஏறி, 17 கொண்டை ஊசி வளைவு தாண்டி, கேரளாவுக்குள்ள போய் வேலை பாத்து, சாயங்காலம் திரும்புறவங்க. அடைச்சு ஏத்திட்டுப் போற அந்த ஜீப்பைப் பத்தி எழுத ஆரம்பிச்சா இன்னொரு பதிவு ஆயிரும். எங்களைப் பாத்து ஒரு அக்கா, "என்னய்யா, வழி தவறி வந்துட்டீங்களா?"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நாங்க கூச்சத்தோட ஆரம்பிச்சோம். ரெண்டாவது அடிக்கு ஒரு பாட்டியம்மா திருப்பிப் பாடினாங்க. மூணாவது அடிக்கு ஏழெட்டுப் பேர். சின்னப் பிள்ளையில பள்ளிக்கூடத்துல படிச்சதாம், மறக்கலை. டெய்லர் மாமா ஜால்ராவை அடிக்க மறந்து நின்னுட்டார். அப்புறம் ஜீப் வந்துருச்சு, பாட்டு பாதியில நின்னுச்சு. ஏறிக்கிட்டே அந்த அக்கா, "நாளைக்கும் வாங்கய்யா, ஆனா கொஞ்சம் சத்தமாப் பாடுங்க"ன்னாங்க.

நாளைக்குப் போகலை. வாத்தியார் தாத்தாவுக்கு விஷயம் போயிருச்சு.

2010 கடைசியில அகலப்பாதைக்காக எங்க ஊர் ரயிலை நிறுத்தினாங்க. மதுரை ரயில் மறுபடி போடிக்கு வந்தது 2023 ஜூன்ல. பஸ்ஸுதான் இருக்கேன்னு அன்னைக்கு எவ்வளவோ பேர் சொன்னாங்களாம். தண்டவாளத்தையாவது கவர்மெண்டு பணம் போட்டுத் திரும்பப் போட்டுச்சு. பஜனையை ஒரு மார்கழி நிறுத்தினா எந்த டெண்டர் விட்டுத் திரும்பக் கொண்டு வருவீங்க? எங்க கோஷ்டியில அறுபதைத் தாண்டாதவன்னா மூட்டை அண்ணனும் நாங்க மூணு பேரும்தான். அந்த முப்பது பாட்டையும் எந்த மெட்டுல எடுக்கணும்னு முழுசாத் தெரிஞ்ச ஒரே ஆள் வாத்தியார் தாத்தா.

கமிட்டிக்கு: ஸ்பீக்கரை ஆறு மணிக்கு மேல போட்டுக்கங்க, நாங்க கேக்கப் போறதில்ல. ஆறு மணி வரை தெரு எங்களுக்கு.

எங்க கோஷ்டிக்கு: மார்கழி 1ம் தேதி காலை நாலே முக்கால், கோயில் வாசல். எங்க அத்தையும் ரெண்டு பக்கத்து வீட்டு அக்காவும் வர்றதாச் சொல்லியிருக்காங்க, கோலத்தை முந்தின நாள் ராத்திரியே போட்டு வச்சிருவாங்களாம். அஞ்சாவது தெரு வழியா ஜீப் ஸ்டாண்டு, அங்கேருந்து கோயில். வாத்தியார் தாத்தாகிட்ட இன்னும் சொல்லலை. ஆர்மோனியம் அவர் வீட்டுலதான் இருக்கு. யாராவது என்கூட வாங்கப்பா, தனியாப் போய்க் கேக்கப் பயமா இருக்கு.