ஏழு நாள்களில் மீளுமா மூளை?

மனத்தைத் துயில வைத்துச் சிகிச்சை அளிக்கும் முறைக்கும் கொல்கத்தாவுக்கும் உள்ள தொடர்பு பழைமையானது. மெஸ்மரிசம் என்று அன்று அழைக்கப்பட்ட முறையில், 1845-ல் ஹூக்ளியில் நோயாளிகளுக்கு வலியின்றி அறுவைச் சிகிச்சை செய்தார் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல். அரசுக் குழு ஆராய்ந்த பின்னர், 1846-ல் கல்கத்தாவில் அதற்கெனத் தனி மருத்துவமனையே அமைந்தது. ஈதரும் குளோரோஃபார்மும் வந்ததும் அம்முறை மங்கியது.

அதன் வழிவந்த ஹிப்னாடிசம் இன்று மூளைக் காயம் அடைந்தோருக்கும் பயன்படுமா என ஆராயப்படுகிறது. டென்மார்க் ஆய்வாளர்கள் 68 பேரிடம் நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. ஒரு மணி நேரம் வீதம் நான்கு அமர்வுகளில் சிகிச்சை பெற்றோரின் செயல்பாட்டு நினைவாற்றல் மேம்பட்டதாக அது கூறுகிறது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் சிறிய ஆய்வு. இறந்துபோன மூளைச் செல்களை ஹிப்னாடிசம் உயிர்ப்பிக்காது. இயன்முறை சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, குடும்பத்தினருக்கான ஆலோசனை ஆகியவற்றுக்குத் துணையாகவே அது நிற்க முடியும்.

அந்த அடிப்படைப் பராமரிப்பே எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. 2022-ல் மட்டும் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்யப்பட்ட திருத்தம் உறுதியளித்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம், உச்ச நீதிமன்றம் வலியுறுத்திய பின்னரே 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது. அதன் வரம்பு ரூ. 1.5 லட்சம், காலம் 7 நாள்கள்.

உயிரைக் காக்க அந்த உதவி இன்றியமையாதது. ஆனால், கொல்கத்தாவின் பாங்குர் நரம்பியல் நிலையம் போன்ற அரசு மருத்துவமனைகளில் உயிர் பிழைத்து ஊர் திரும்பும் ஏழைத் தொழிலாளி, எட்டாம் நாளுக்குப் பிறகு யாரை நாடுவார்? நடக்கவும் பேசவும் மீண்டும் கற்க மாதங்கள் பிடிக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 குறைபாடுகளிலும் மூளைக் காயம் தனிப் பெயருடன் இடம்பெறவில்லை. கை, கால் நலமாக இருந்து நினைவும் கவனமும் சிதைந்தவரின் ஊனம் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

2019 திருத்தமே மோட்டார் வாகன விபத்து நிதிக்கும் வழி செய்துள்ளது. மறுவாழ்வுச் சிகிச்சையின் செலவையும் அந்த நிதியின் பொறுப்பாக்குவது குறித்து நாடாளுமன்றம் விவாதிக்க வேண்டும். உயிரைக் காப்பாற்றிவிட்டு வாழ்வைக் கைவிடுவது அரை நீதியே ஆகும்.