ஒவ்வாமையும் விருந்தோம்பலும்

'ஒவ்வாமை' என்னும் சொல்லைத் தமிழாசிரியர்களாகிய நாம் வகுப்பில் எளிதாகப் பிரித்துக் காட்டிவிடுவோம். ஒவ்வு பகுதி, ஆ எதிர்மறை இடைநிலை, மை தொழிற்பெயர் விகுதி. அதே சொல் மருத்துவச் சீட்டில் நம் பெயருக்குக் கீழே எழுதப்பட்டபோது இலக்கணம் உதவவில்லை. இறாலும் நண்டும் இனி ஆகா என்பது தீர்ப்பு. நாகைக் கடற்கரையில் பிறந்து, நாற்பது ஆண்டுகள் இவற்றை உண்டு வளர்ந்த உடம்பு, ஒரு மாலைப்பொழுதில் தோல் தடிப்பும் மூச்சுத் திணறலுமாகத் தன் மறுப்பைத் தெரிவித்துவிட்டது.

'இத்தனை நாளும் சாப்பிட்டதுதானே?' என்று கேளாத உறவினர் இல்லை. கேள்வி நியாயமானதே. ஆனால் ஒவ்வாமை பிறவியிலேயே வரவேண்டும் என்ற விதி ஏதும் இல்லை. இறால், நண்டு வகைகளுக்கான ஒவ்வாமை நடுவயதில் தலைகாட்டுவது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. வியன்னா நகரக் குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் ஃபொன் பிர்க்கே 1906இல் 'அலர்ஜி' என்ற சொல்லை உருவாக்கியபோது, 'வேறு', 'செயல்' என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்தார். தீங்கற்ற ஒரு புரதத்தைப் பகையெனக் கருதி உடம்பு வேறுவிதமாகச் செயற்படுகிறது. இறாலிலும் நண்டிலும் அந்தப் புரதம் பெரும்பாலும் டிரோப்போமயோசின். அது குழம்பில் கொதித்தாலும் எளிதில் சிதைவதில்லை. மீனின் ஒவ்வாமைப் புரதம் வேறு என்பதால், மருத்துவர் சோதித்துச் சொன்னபின் வஞ்சிரமும் மத்தியும் நம் இலையில் தொடர்கின்றன. அந்த மட்டில் ஆறுதல்.

நம் மரபு உணவைப் பற்றிப் பேசாமல் இல்லை. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', பாதிக்கு மேல் உணவையும் செரிமானத்தையுமே பேசுகிறது. ஆயினும் நம் பொதுப்புத்தியில் தங்கியிருப்பது அளவு பற்றிய அறிவுரை மட்டுமே. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்போம். ஒவ்வாமையில் அளவுக்கு உட்பட்டதும் நஞ்சாகலாம். கத்தரிக்காய்க் குழம்பில் மணத்துக்காகச் சேர்த்த ஒரு பிடி சென்னாக்குன்னி போதும். இறால் பொரித்த எண்ணெயில் மறுபடி பொரித்தெடுத்த அப்பளமும் போதும். 'ஒரே ஒரு துண்டுதானே' என்ற அன்பான வற்புறுத்தல் ஆபத்தாவது இங்கேதான்.

இதில் நம்மை வியக்கவைக்கும் முரண் ஒன்று உண்டு. 'இன்று விரதம்' என்று ஒருவர் சொன்னால் பந்தியில் எவரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. 'மாலை போட்டிருக்கிறேன்' என்றால் தனிப் பாத்திரமே வைத்துச் சமைப்பார்கள். 'நாட்டுமருந்து சாப்பிடுகிறேன், பத்தியம்' என்றாலும் மதிப்பு உண்டு. 'எனக்கு ஒவ்வாது' என்று சொன்னால் மட்டும் அது 'பிடிக்காது' என்றே கேட்கப்படுகிறது. நாக்கின் செருக்கு என்பார் ஒருவர். நகரத்து நோய் என்பார் மற்றொருவர். நோன்புக்கு முடியும் நாள் உண்டு, பத்தியத்துக்கும் உண்டு. இதற்குப் பெரும்பாலும் இல்லை. ஆகவே மற்ற இரண்டையும்விடக் கூடுதலாக மதிக்கத்தக்கது இதுவே என்பது நம் கருத்து.

இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டோம். அம்மாவின் கைப்பக்குவத்தை நினைவூட்டும் ஒரு சுவை இனி நினைவாக மட்டுமே இருக்கும். அதற்காக வருந்துவதில் வெட்கமில்லை. ஆனால் வருத்தத்துக்கும் மறுப்புக்கும் வேறுபாடு உண்டு. சோதித்துப் பார்க்கலாமே என்று மனம் சில நேரம் ஆசை காட்டும்; அதற்கு இடங்கொடாதிருப்பதே ஏற்றுக்கொள்ளுதல். கடுமையான ஒவ்வாமைக்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. அரிப்புக்குத் தரும் மாத்திரை அதற்கு ஈடாகாது. இதை வீட்டார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். அதேபோல, இரத்தப் பரிசோதனை முடிவு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு விருப்பமான உணவுகளையெல்லாம் விலக்குவதும் தவறு. உண்டபின் நேர்ந்ததையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவு சொல்வார்.

விருந்தோம்பலைப் பேரறமாகக் கொண்டாடும் சமூகம் நம்முடையது. வந்தவர் இலையில் எதை வைக்கிறோம் என்பதோடு, எதை வைக்காமல் விடுகிறோம் என்பதும் அந்த அறத்தில் அடங்கும். உண்ண அமர்பவர் தயக்கமின்றிச் சொல்லட்டும். பரிமாறுபவர் ஐயமின்றி நம்பட்டும். நாம் கேட்பது இவ்வளவே.