போனைப் பைக்குள் போட்ட டீச்சர்

ஓர் ஆசிரியர் தொழில்நுட்பத்தில் தேறிவிட்டார் என்பதை எதை வைத்துச் சொல்வது? அதிபரைக் கேட்டால் திறன் வகுப்பறையின் பதிவேட்டைக் காட்டுவார். வலயத்திலிருந்து வருபவர் எத்தனை செயலமர்வுக்குப் போனீர்கள் என்று கேட்பார். இரண்டுமே எனக்குப் போதவில்லை. சீகிரியாவில் கண்டதைச் சொல்கிறேன்.

மாத்தளைப் பக்கத் தோட்டப் பாடசாலை ஒன்றிலிருந்து தரம் 5 பிள்ளைகள் கல்விச் சுற்றுலா வந்திருந்தார்கள். அழைத்து வந்த ஆசிரியை எனக்கு மருமகள் முறை. குன்றில் ஏறத்தாழ 1,200 படிகள். பாதி வழியில் சுருள் படிக்கட்டு ஏறினால், 5-ஆம் நூற்றாண்டில் காசியப்பன் காலத்தில் தீட்டிய பெண் ஓவியங்கள். அங்கே படமெடுக்கத் தடை. காவலாளி அந்தப் பக்கம் திரும்பமாட்டாரா என்று பெரியவர்களே போனோடு காத்து நிற்க, இவள் தன் போனைப் பைக்குள் போட்டாள். “கண்ணால எடுங்க பிள்ளைகளா. மேல போனதும் கேப்பேன்.”

பழங்காலக் கண்ணாடிச் சுவர் வந்ததும் அவள் குரல் இறுகியது. யாரும் கை வைக்கக்கூடாது. 2015-இல் மட்டக்களப்பு யுவதி ஒருவர் அங்கே தன் பெயரைக் கீறிச் சிறைக்குப் போய், சனாதிபதியின் மன்னிப்பில் வெளியே வந்தது தமிழ் ஆசிரியர்களுக்கு எளிதில் மறக்காது.

சிங்கப் பாதத்தடியில் நிழல் தேடி உட்கார்ந்த பிறகுதான் போன் வெளியே வந்தது. கண்டதை ஒவ்வொரு பிள்ளையும் சொல்லச் சொல்லக் குரல் பதிவானது. “கையில பூ வச்சிருக்காங்க டீச்சர். யாருக்குக் குடுக்கப் போறாங்கன்னுதான் தெரியல்ல” என்றாள் ஒருத்தி. படமெடுக்க விட்டிருந்தால் இந்தக் கேள்வி அவள் வாயில் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இறங்கும்போது பேச்சுக் கொடுத்தேன். அவள் பாடசாலையில் கணினிக் கூடம் முன்பே இருந்தது. ஆனால் அது பெரிய வகுப்புகளுக்கு, சாவி அலுவலகத்தில். “கம்பியூட்டர் என்னைத் தேடி வந்தது கொரோனாவுலதான் மாமா” என்றாள்.

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடினார்கள். தொலைக்காட்சியில் ‘குருகுலம்’ நிகழ்ச்சி பாடம் நடத்தியது. கல்வி அமைச்சின் ‘இ-தக்சலாவ’ தளத்தில் மூன்று மொழியிலும் பாடங்கள் இருந்தன. ஆனால் தோட்ட லயத்தில் வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ஆகவே இவள் பாடம் இரவு எட்டு மணிக்கு, வட்ஸ்அப் குரல் பதிவாக. ரீலோட் செலவு சொந்தச் சம்பளத்தில். பதுளை மாவட்டம் போஹிதியாவவில் ஆசிரியையும் பிள்ளைகளும் சிக்னலுக்காக மலையுச்சிப் பாறைக்கு ஏறினார்கள். லுணுகலையில் பிள்ளைகள் மரத்தின் மேலிருந்த குடிலுக்கு ஏறினார்கள். 2021 ஒக்டோபரில் சிறிய ஆரம்பப் பாடசாலைகள் திறந்தபோது அந்த ஆசிரியர்கள் பழைய ஆசிரியர்கள் அல்லர். எந்தச் செயலமர்வும் சொல்லித் தராததைக் கையிலிருந்த போன் சொல்லித் தந்திருந்தது.

திறந்த புதிதில் இவளும் எல்லோரையும் போல யூடியூப் காணொளிகளை இறக்கிப் போட்டாள். பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். கேள்வி கேட்டால் பேச்சில்லை. அதனால் வேலையைத் திருப்பிப் போட்டாள். ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பையும் மாதம் ஒருமுறை பதிவு செய்து, பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுகிறாள். “டீச்சர், நான் முற்றுப்புள்ளியில நிக்கவே இல்ல” என்று பையன் தானே பிழை பிடிக்கிறான். இவள் சிவப்புப் பேனாவை எடுக்க வேண்டியதில்லை. பெற்றோர் வந்தால் புள்ளிப் பட்டியலுக்கு முன் இதைத்தான் கேட்க வைக்கிறாள்.

உலகம் கொண்டாடும் ஆசிரியர்கள் கதையும் இதேதான். மகாராஷ்டிரத்தின் பரிதேவாடி கிராமத்து ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ரஞ்சித்சிங் டிசலே பாடநூலில் கியூஆர் குறியீட்டை ஒட்டினார். ஆனால் அதற்கு முன் பிள்ளைகள் வீட்டில் பேசிய கன்னடத்தைக் கற்று, பாடத்தை அவர்கள் மொழிக்குக் கொண்டு வந்தார். 2020-இல் 10 லட்சம் டொலர் உலக ஆசிரியர் பரிசை வென்றதும், பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது பேருக்குப் பகிர்ந்தார். விழுப்புரம் மாவட்டம் கந்தாடு தொடக்கப் பள்ளி ஆசிரியை அன்னபூர்ணா, 2017-இல் தன் நகைகளை விற்றுத் திறன் வகுப்பறை அமைத்தார். பிள்ளைகள் வாய் திறந்து ஆங்கிலம் பேச வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். இருவருக்கும் பிள்ளைதான் முதலில், கருவி அப்புறம்.

ஆனால் ஆசிரியை நகையை விற்பதும் சம்பளத்தில் ரீலோட் போடுவதும் பெருமைப்பட்டுவிட்டு மறந்துபோகும் விஷயமல்ல. வகுப்பறைக்கு வேண்டிய இணையச் செலவை அரசுதான் ஏற்க வேண்டும். ஆரம்பப் பிரிவு ஆசிரியருக்குப் பயிற்சி கொடுப்பதென்றால் சனிக்கிழமை மண்டபத்தில் அல்ல, அவருடைய வகுப்பிலேயே, இன்னோர் ஆசிரியர் பக்கத்தில் இருந்து கொடுக்க வேண்டும். பழைய மாணவர் சங்கங்களுக்கும் வெளிநாட்டு அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை திறன் பலகை வாங்கிக் கொடுக்கும்போது ஒரு வருட இணையக் கட்டணத்தையும் சேர்த்துக் கொடுங்கள். திறப்பு விழாவில் நாடா வெட்டும் கத்தரிக்கோலை அந்த வகுப்பு டீச்சர் கையிலேயே கொடுத்து, உங்களுக்கு வேறென்ன வேண்டும் என்றும் கேளுங்கள்.