லயத்துக் குடும்ப வைத்தியரை யார் அளப்பது?

பிரித்தானியாவில் குடும்ப வைத்தியர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தம் தகுதியை மீண்டும் நிறுவவேண்டும். 2012 டிசம்பரில் தொடங்கிய நடைமுறை. இங்கும் அது வேண்டும் என்போர் கொட்டகலைப் பக்கம் வந்து பார்க்கட்டும்.

இங்கே பல லயங்களுக்குக் குடும்ப வைத்தியர், வைத்தியப் பட்டம் பெறாத தோட்ட வைத்திய உதவியாளரே. தொழிலாளரின் மருத்துவத்தைத் துரைமார் பொறுப்பில் விட்ட 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் நிழல் இன்னும் நீங்கவில்லை. அவருக்குப் பரீட்சை வைப்பது எளிது. ஆனால் சம்பளம் தருவது தோட்ட நிர்வாகம். கொழுந்து மிகுந்த நாளில் காய்ச்சல்காரிக்கு ஓய்வு எழுதிக் கொடுத்தால் துரையின் முகம் எப்படியிருக்கும்? எந்த மதிப்பீட்டுப் படிவத்தில் இதற்குக் கட்டமுண்டு?

சுகாதார அமைச்சு முதலில் அவரைத் தன் ஊழியராக்கட்டும். ஆண்டுதோறும் பயிற்சி அளிக்கட்டும். அளப்பதைப் பிறகு பார்க்கலாம். மலையகத்துக்கு அனுப்பும் வைத்தியர்களுக்குத் தமிழ் விளங்குகிறதா என்பதையும் கூடவே அளக்கட்டும்!